பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து

கேள்வி: நீதி நிர்வாகம் சார்ந்த ஓர் அரசு அலுவலகத்தில், ஒப்பந்தக் கண்காணிப்புப் பிரிவுக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிறேன். விசாரணைக் கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவதையும், அவர்களை வைத்திருக்கும் வளாகத்துக்குக் காவலர்களை அனுப்புவதையும் ஒரு தனியார் கம்பெனி செய்கிறது. மாதாமாதம் தடிமனான அறிக்கை வரும். எல்லா இலக்கும் எட்டப்பட்டதாகவே இருக்கும். நான் சான்று கொடுத்தால் பில் பாஸாகிவிடும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். காவலர் நிற்க வேண்டிய இரண்டு இடங்களில் ஆளே இல்லை. ஆனால் அறிக்கையில் அன்றைக்கும் முழு எண்ணிக்கைதான். மேலதிகாரியிடம் சொன்னபோது, "நாம ஒப்பந்தத்தைப் பார்க்கிறவங்கம்மா, ஜெயிலைப் பார்க்கிறவங்க இல்லை. அனுப்பிடுங்க" என்றார். என் பொறுப்பு எதுவரை? எதைப் பார்க்க வேண்டும்? கையெழுத்துப் போட முடியாது என்று மறுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அடுத்த பில் வருவதற்குள் உங்களுக்குப் பதில் தேவைப்படும் என்பதால் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மறுக்க வேண்டாம். மறுத்தால் ஃபைல் வேறொருவர் மேசைக்குப் போகும், அவர் போட்டுவிடுவார், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அதைவிட, நீங்கள் எதைச் சரிபார்த்தீர்களோ அதற்கு மட்டும் சான்று கொடுங்கள். "இன்னின்ன தேதிகளில், இன்னின்ன பதிவேடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். மற்றவை ஒப்பந்ததாரர் தந்த தகவலின்படி. இந்தத் தேதியில் நேரில் பார்த்தபோது இரண்டு பணியிடங்கள் காலி. அறிக்கையில் அவை நிரம்பியதாக உள்ளன." நான்கே வரி. இதில் குற்றச்சாட்டு எதுவும் கிடையாது, நடந்தது மட்டும்தான் இருக்கிறது. பில்லை நிறுத்துவதா, பிடித்தம் செய்து கொடுப்பதா என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்யட்டும். ஆனால் இந்த நான்கு வரியைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும்.

அரசு ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்யும் வேலையிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அதை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் மேலதிகாரி சொன்னது கெட்ட எண்ணத்தில் வந்ததாக இருக்க வேண்டியதில்லை. பல நாடுகளில் பல அலுவலகங்கள் இதை உண்மையாகவே நம்புகின்றன. வேலையை வெளியே கொடுத்துவிட்டோம், அதனால் பொறுப்பும் வெளியே போய்விட்டது என்று நினைக்கிறார்கள். அது தவறு. நீதிமன்றங்களே அப்படிச் சொல்லியிருக்கின்றன.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலச் சிறையில் ஒரு கைதிக்குக் குதிகால் தசைநார் கிழிந்தது. அவருக்குச் சிகிச்சை கொடுத்தவர் அரசு ஊழியர் அல்ல, ஒப்பந்தத்தில் வந்துபோகும் டாக்டர். அரசின் கடமை அவரைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1988-இல் தீர்ப்பு வந்தது. கைதி தன் விருப்பப்படி வேறு டாக்டரிடம் போக முடியாது. அரசு யாரைக் காட்டுகிறதோ அவரிடம்தான் போக முடியும். ஆகவே அந்த டாக்டர் செய்வது அரசு செய்வதுதான், மருத்துவத்தை ஒப்பந்தத்துக்கு விட்டதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது என்றது நீதிமன்றம். இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. லாபத்துக்காக நடக்கும் ஒரு நிறுவனத்திடம் மனிதர்களை அடைத்துவைக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதே அவர்களுடைய உரிமையை மீறுவது என்று சொல்லி, தனியார் சிறைக்கு வழிசெய்த சட்டத்தையே ரத்து செய்தது. எல்லா நாடும் அவ்வளவு தூரம் போகவில்லை. போக வேண்டுமா என்ற விவாதத்தை நீங்களோ நானோ இங்கே தீர்க்கப் போவதும் இல்லை. அரசே நேரடியாக நடத்தும் சிறைகளிலும் கொடுமைகள் நடக்கின்றன. உங்களுக்கு வேண்டியது முதல் தீர்ப்பின் சாரம் மட்டும். பூட்டிவைத்தது அரசு, எனவே உள்ளே நடப்பதற்கும் அரசே பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் பார்ப்பது கைதிகளை ஏற்றிச் செல்லும் வேலை என்பதால் இந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2008 ஜனவரியில் நடந்தது. அங்கே அது கடும் கோடை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் கைதான ஒரு பழங்குடிப் பெரியவரை லாவர்டன் என்ற ஊரிலிருந்து கால்கூர்லிக்கு வேனில் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ 360 கிலோமீட்டர். பின்பக்கம் உலோகக் கூண்டு, அதில் ஏசி வேலை செய்யவில்லை. கையில் ஒரு சிறிய பாட்டில் தண்ணீர். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு காவலர்களும் வழியில் இறங்கிப்போய் அவரைப் பார்க்கவில்லை. சுட்ட தரையில் வயிறு வெந்துபோன நிலையில் அவர் இறந்துபோனார்.

வண்டியை ஓட்டியது தனியார் கம்பெனி. ஆனால் வண்டி அரசுத் துறையுடையது. அந்த வண்டிகளின் நிலைமை சரியில்லை என்பது துறைக்கு முன்பே தெரியும். மரண விசாரணை நடத்திய அதிகாரி 2009-இல் துறை, கம்பெனி, இரண்டு காவலர்கள் என எல்லோருமே இந்தச் சாவுக்குக் காரணம் என்று பதிவு செய்தார். 2011-இல் கம்பெனிக்கு 2,85,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம், அரசுத் துறைக்கும் அதே 2,85,000 டாலர் அபராதம். உங்கள் மேலதிகாரி மறுபடியும் "ஜெயிலைப் பார்ப்பது நம் வேலையில்லை" என்றால், இந்த இரண்டு தொகைகளும் சமமாக இருப்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, எதைப் பார்ப்பது?

அறிக்கையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஏமாந்துபோன அரசுகள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாந்தன. ஒப்பந்தத்தில் விதிகள் இருக்கும், அபராதப் பட்டியல் இருக்கும், மாதாந்திரக் கூட்டம்கூட நடக்கும். ஆனால் அத்தனைக்கும் அடிப்படையான எண்ணைக் கம்பெனியே எழுதித் தரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காலில் மின்னணுப் பட்டை கட்டி வீட்டிலேயே வைத்துக் கண்காணிக்கும் ஏற்பாட்டை 2005 முதல் ஜி4எஸ், செர்கோ என்ற இரண்டு கம்பெனிகள் நடத்தின. சிறைக்குத் திரும்பிப் போனவர்கள், நாட்டைவிட்டே போனவர்கள், இறந்துபோனவர்கள் என்று யாரையெல்லாம் கண்காணிக்க வழியே இல்லையோ, அவர்களுக்கும் சேர்த்துப் பில் வந்துகொண்டிருந்தது. 2013 ஜூலையில் நீதித்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் இதை வெளிப்படுத்தினார். அந்தச் செய்தியில் என்னை அதிகம் வருத்தியது, துறையின் ஒப்பந்த அதிகாரிகள் 2008-லேயே பில் முறையில் கோளாறு இருப்பதைக் கவனித்திருந்தார்கள் என்பது. கவனித்தார்கள், ஆனால் அதன்மேல் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை. பிற்பாடு செர்கோ 6.85 கோடி பவுண்டும் ஜி4எஸ் சுமார் 10.9 கோடி பவுண்டும் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது. மோசடித் தடுப்பு அமைப்போடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2019-இலும் 2020-இலும் தனியாக அபராதமும் கட்டின. நீங்கள் இப்போது நிற்பது 2008-இல் அந்த அதிகாரிகள் நின்ற இடம். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

காவலர் எண்ணிக்கை விஷயத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக் கதை அப்படியே உங்கள் கதைதான். அங்கே ஒரு சிறையைக் கரெக்‌ஷன்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற தனியார் கம்பெனி நடத்தியது. கட்டாயம் நிரப்ப வேண்டிய காவல் பணியிடங்களைக் காலியாக விட்டுவிட்டு, ஆள் இருந்ததாக 2012-இல் எழுதிவைத்தார்கள். சுமார் 4,800 மணி நேரம் இப்படிப் பொய்யாகக் காட்டப்பட்டதாக 2013-இல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. வெளியே தெரிந்தது எப்படி? பணிப் பட்டியலை எடுத்து உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது. சில காவலர்கள் இடைவிடாமல் 24 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்த்ததாக அதில் இருந்தது. மனித உடம்பால் முடியாத ஷிஃப்ட் காகிதத்தில் மட்டும் நடந்திருந்தது. 2014-இல் மாநில அரசு அந்தச் சிறையைத் தானே எடுத்துக்கொண்டது.

ஆகவே ஒரே ஒரு இரவு ஷிஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதத்தில் ஒரு விடுமுறை நாளுக்கு மறுநாள் இரவு என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் கம்பெனியின் பணிப் பட்டியல், அடுத்து வாசலில் இருக்கும் நுழைவுப் பதிவேடு, அப்புறம் அந்த மாதச் சம்பளப் பட்டியல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராக வாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கும், வாசலில் நுழைந்த நேரம் இருக்காது. அல்லது நுழைந்திருப்பார், ஆனால் அதே இரவு இன்னொரு வளாகத்திலும் அவர் பெயர் இருக்கும். அல்லது இரண்டு ஷிஃப்ட் பார்த்ததாக இருக்கும், சம்பளம் ஒரு ஷிஃப்ட்டுக்குத்தான் போயிருக்கும். மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஜோடிப்பது கடினம், ஏனென்றால் மூன்றையும் எழுதுவது வெவ்வேறு ஆட்கள். ஒரு மாதம் முழுவதையும் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது, தேவையும் இல்லை. எந்த இரவை எடுப்பீர்கள் என்று கம்பெனிக்கு முன்கூட்டித் தெரியாமல் இருந்தால் போதும்.

கைதிகளை ஏற்றிச் செல்வதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வண்டி போய்ச் சேரும் இடம் கம்பெனியுடையது இல்லை. நீதிமன்றத்தில் கைதியை ஆஜர்படுத்திய நேரத்தை அங்குள்ள ஊழியர் தன் பதிவேட்டில் குறித்திருப்பார். 9.50-க்கு வந்ததாகக் கம்பெனி அறிக்கை சொல்லும், நீதிமன்றக் குறிப்பில் 11.15 என்று இருக்கும். இப்படி ஓர் இடைவெளி கிடைத்தால், அந்த ஒரு மணி நேரத்துக்கும் மேல் வண்டி எங்கே இருந்தது, உள்ளே இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார்களா, யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேளுங்கள். வண்டியின் பயணக் குறிப்பேடு, டீசல் கணக்கு, பணிமனையில் பழுது பார்த்த ரசீது எல்லாவற்றையும் வாங்குங்கள். பின்பக்க ஏசி பற்றி ஓட்டுநர் எழுதிவைத்த புகார் எத்தனை நாளாக அப்படியே கிடக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். முடிந்தால் நிறுத்திவைத்த வண்டியில் பின்பக்கம் ஏறி, கதவைச் சாத்தச் சொல்லிச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

தாமதத்துக்கு அபராதம் என்ற விதியையும் கவனமாகப் படியுங்கள். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பணம் பிடிக்கப்படும், வழியில் நிறுத்திக் கைதியைப் பார்க்காவிட்டால் எதுவும் பிடிக்கப்படாது என்று ஒப்பந்தம் இருந்தால், ஓட்டுநர் எதைச் செய்வார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதற்குப் பணம் பிடிக்கிறோமோ அதைக் கம்பெனி சரிசெய்யலாம், அல்லது மறைக்கலாம். சரிசெய்ய ஆளும் செலவும் வேண்டும், மறைக்கப் பேனா போதும். மறைத்ததைக் கண்டுபிடித்தால் குறையை ஒத்துக்கொண்டபோது பிடிப்பதைவிடப் பல மடங்கு பிடிப்போம் என்று இருந்தால்தான் கணக்கு மாறும். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறதா? அப்படியே, இதுவரை விதித்த அபராதங்களில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு தள்ளுபடியானது, தள்ளுபடி செய்தது யார் என்பதைப் பழைய ஃபைல்களில் தேடுங்கள். கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்வதைவிட உங்கள் அலுவலகத்தைப் பற்றி அதில் அதிகம் தெரிந்துகொள்வீர்கள்.

சரிபார்ப்புப் பட்டியலை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அமெரிக்க மத்திய அரசு ஒப்பந்தத்துக்கு விட்டிருந்த சிறைகளைப் பற்றி, அந்நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016 ஆகஸ்டில் ஓர் அறிக்கை கொடுத்தது. அரசின் கண்காணிப்பாளர்கள் சிறைக்குள்ளேயே இருந்தார்கள், பட்டியல் வைத்து டிக் அடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் கைதிகளுக்கு அடிப்படை மருத்துவச் சேவைகள் உண்மையில் கிடைத்தனவா என்று பார்க்கும் வரி அந்தப் பட்டியலில் போதுமானபடி இல்லை. ஆய்வாளர்கள் நேரில் போன மூன்று சிறைகளில் இரண்டில், படுக்கை இல்லாத காரணத்துக்காகப் புதிதாக வந்த கைதிகளைத் தண்டனைக் கொட்டடிகளில் வைத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாததை யாரும் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சிறையிலும் இப்படித்தான். 2011 முதல் தனியார் நடத்தினார்கள், 2016 டிசம்பரில் பெரிய கலவரம் நடந்தது, 2018 ஆகஸ்டில் அரசு சிறையைத் தன் கையில் எடுத்தது. அந்நாட்டுச் சட்டப்படி அரசு அதிகாரிகள் அந்த வளாகத்திலேயே பணியில் இருந்தார்கள். நடத்தியவர்களோடு கண்காணித்தவர்களையும் சேர்த்தே ஒரு செயலற்ற தன்மை பிடித்திருந்தது என்று சிறைகளின் தலைமை ஆய்வாளர் எழுதினார். தினமும் அதே வாசலில் நுழைந்து அதே மனிதர்களோடு பழகும்போது கண் பழகிவிடுகிறது. அதனால் வேறு பிரிவிலிருந்து யாரையாவது அவ்வப்போது கூட அழைத்துப்போங்கள்.

அப்புறம், மனிதர்களிடம் பேசுங்கள். கைதிகளிடம் பேசும்போது கம்பெனி ஆட்கள் காதுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். "குறை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "நேற்று ராத்திரி இந்தப் பக்கம் யார் டியூட்டி? எத்தனை தடவை வந்தார்?" என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்வது யாருக்கும் எளிது. குடும்பத்தார், வக்கீல்கள், நீதிமன்ற ஊழியர்கள் எல்லோரும் நிறையப் பார்க்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. மாதம் முழுவதும் ஒரு புகாரும் வரவில்லை என்று அறிக்கை சொன்னால் புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கம்பெனியின் கீழ்மட்டக் காவலர்களை எதிரிகளாக நினைக்காதீர்கள். ஆள் குறைத்ததால் இரட்டை ஷிஃப்ட் பார்த்து நொந்துபோயிருப்பது அவர்கள்தான். காலிப் பணியிடத்தால் முதலில் ஆபத்து வருவதும் அவர்களுக்குத்தான். மரியாதையாக, அவர்கள் பெயர் வெளியே வராது என்ற உறுதியோடு கேட்டால் சொல்வார்கள். அந்த உறுதியை நீங்கள் காப்பாற்றியே ஆக வேண்டும்.

எண்கள் உண்மையாகவே இருந்தாலும் அவை வேலையைச் சொல்லாமல் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014-இல் நன்னடத்தைக் கண்காணிப்பின் பெரும்பகுதியை 21 நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். விடுதலையாகப் போகும் ஒருவருக்கு மறுவாழ்வுத் திட்டம் எழுதி முடித்தால் இலக்கு எட்டியதாகக் கணக்கு. அந்தத் திட்டத்தால் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைத்ததா என்பது கணக்கில் வரவில்லை. ஆட்களை நேரில் சந்திக்காமல் தொலைபேசியில் பேசியே சிலரைக் கண்காணித்ததையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2021 ஜூனில் அந்த வேலை மீண்டும் அரசிடமே வந்துவிட்டது. உங்கள் அறிக்கையில் "சரியான நேரத்தில் அனுப்பப்பட்ட படிவங்கள்" மாதிரி ஏதாவது இலக்கு இருந்தால், அந்தப் படிவங்களில் சிலவற்றைத் திறந்து படித்துப் பாருங்கள்.

இனி உங்கள் பாதுகாப்பு. வாய்மொழியாக ஏதாவது சொல்லி அனுப்பினால், அன்றே ஒரு குறிப்பு எழுதுங்கள்: "இன்று தாங்கள் வாய்மொழியாக அறிவுறுத்தியபடி, மேற்கண்ட முரண்பாட்டுடன் இந்த பில் அனுப்பப்படுகிறது." குரலை உயர்த்தவோ யாரையும் குறைசொல்லவோ வேண்டியதில்லை. இப்படி ஒரு குறிப்பு ஃபைலில் ஏறும் என்று தெரிந்தாலே பல வாய்மொழி உத்தரவுகள் வராது. பார்த்தது, கேட்டது, நீங்களாக ஊகித்தது மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள். "காவலர்களைக் குறைத்து லாபம் பார்க்கிறார்கள்" என்பது ஊகம். "இரவு 11.40-க்கு இரண்டாவது மாடியில் ஆள் இல்லை" என்பது பார்த்தது. ஃபைல்களை வீட்டுக்கு எடுத்துப்போகவோ கைபேசியில் படம் எடுத்து அனுப்பவோ கூடாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நடவடிக்கை உங்கள்மேல் திரும்பிவிடும். துறைக்குள் யாரும் காதில் வாங்கவில்லை என்றால் உள்தணிக்கை, அதற்கு அப்பால் அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு, சிறை ஆய்வு அமைப்பு என்ற வரிசையில் போங்கள். முறைகேட்டை வெளிப்படுத்துவோருக்கு உங்கள் இடத்தில் என்ன சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்பதை, அந்தப் படிக்குப் போகும் முன்பே ஒரு வக்கீலிடமோ ஊழியர் சங்கத்திடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாருடைய உயிருக்காவது இப்போதே ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே, எழுத்தில், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் நேராகப் போங்கள்.

இன்னும் ஒரு காரியத்தை இந்த வாரமே செய்துவிடுங்கள். ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். இணைப்புகளையும், பின்னால் செய்த திருத்தங்களையும் சேர்த்துப் படியுங்கள். மூன்று ஷரத்துகளைத் தேடுங்கள். அறிவிப்பில்லாமல் உள்ளே போகும் உரிமை, சம்பளப் பட்டியல் உட்பட மூல ஆவணங்களைப் பார்க்கும் உரிமை, நிலைமை மோசமானால் அரசே நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை. நியூசிலாந்தில் செர்கோ நடத்திய மவுண்ட் ஈடன் சிறையில் கைதிகளுக்கிடையே நடந்த சண்டைகளின் வீடியோக்கள் 2015-இல் வெளியானபோது, மூன்றாவது ஷரத்து இருந்ததால்தான் அரசுத் துறையால் உடனே உள்ளே போய்ப் பொறுப்பேற்க முடிந்தது. அந்த வேலை தெரிந்த ஆட்களும் துறையிடம் இருந்தார்கள். உங்கள் துறையில் அப்படி ஆட்கள் மிச்சம் இருக்கிறார்களா என்றும் பாருங்கள், ஏனென்றால் மாற்று இல்லாத அரசு எந்தக் கம்பெனியிடமும் கறாராகப் பேச முடியாது.

மூன்றில் எது இல்லையோ அதை அடுத்த புதுப்பித்தலில் சேர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதத் தொடங்குங்கள். அந்தத் தேதி எப்போது வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் அது ஞாபகத்துக்கு வரும்போது நேரம் கடந்திருக்கும், பழைய ஒப்பந்தத்தையே அப்படியே நீட்டித்துவிடுவார்கள். நீங்கள் நேரில் போனபோது கண்டதும், அந்த ஒரு இரவு ஷிஃப்ட்டின் ஒப்பீடும் அந்தக் குறிப்போடு இணைப்பாகப் போகட்டும். ஒப்பீடு செய்ததும் என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். சம்பளப் பட்டியலைத் தர மறுத்தால் அதையும் எழுதுங்கள், அதற்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று சொல்கிறேன்.